தணிந்த குரலின் தகுதி: ஏ. எம். ராஜாவின் தொடக்ககால இசைத்தட்டுகள்

விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயில் மிகச் சிறியது. ஒரே ஓர் அறை. அதுவும் பாறையைக் குடைந்து எடுத்தது. கி.பி. 8-ஆம் நூற்றாண்டினது என்பர் ஆய்வாளர். வெளிச்சுவரில் சிவனும் உமையும் செதுக்கி முடிக்கப்பெறாத நிலையில் நிற்கின்றனர். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் திருவுருவம் இருக்கிறது. ஆய் மன்னர் வரலாற்றிலும் பாண்டியர் கல்வெட்டுகளிலும் பேசப்பெறும் இப்பழந்துறையில் வாழ வந்துள்ள தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அதுதான். அவ்வாறு செல்லுந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இத்தனை சிறிய அறையில் அமர்ந்து வீணை மீட்டிப் பாடுபவர் எவ்வளவு உரக்கப் பாட வேண்டும்? உரக்கவே பாட வேண்டுவதில்லை. எதிரில் அமர்ந்திருப்பவர் செவியில் விழுந்தால் போதும்.

இவ்வெண்ணத்தை ஈண்டுக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பொங்கலையொட்டி நம்மவர் கூடியிருந்த ஒரு மாலையில் பழைய திரைப்பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. ஏ. எம். ராஜாவின் குரல் வந்தபோது, நாம் பெரிதும் மதிக்கும் முதியவர் ஒருவர் முகம் சுளித்தார். "இது என்ன பாட்டு? காய்ச்சல்காரன் முனகுவது போல் இருக்கிறது. தமிழ் என்றால் மேடை அதிர வேண்டாமா?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நாமும் அப்போது மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. தமிழ் என்றால் அதிரத்தான் வேண்டுமா? தணிந்து ஒலிக்கும் தமிழுக்குத் தகுதி இல்லையா? ராஜாவின் தொடக்ககால இசைத்தட்டுகளை, அதாவது 1951 முதல் 1956 வரை அவர் பாடியவற்றுள் சிலவற்றை, மீண்டும் பொறுமையாகக் கேட்டு நாம் கண்ட விடையே இக்கட்டுரை.

ஒலிவாங்கி வந்த பின்

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகொள்ள வேண்டும். ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் பரவாத நாளில் பாடகரின் முதற்கடமை கடைசி வரிசையை எட்டுவதாகும். அந்நாளில் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் பெருமை யாது? கொட்டகையின் மூலையில் தரையில் அமர்ந்திருந்த கடைசி மனிதனுக்கும் அவர் குரல் எட்டியது. மேல்தாயியில் அக்குரல் ஏறி நின்றபோது மக்கள் மெய்மறந்தனர். 1933-இல் அவர் மறைந்தபோது வயது 27 தான். கே. பி. சுந்தராம்பாளும் அம்மரபின் செல்வமே. எம். கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்த பின்னும் நாடக மேடையின் அக்குரல் வளத்தையே உடன் கொண்டுவந்தார். அவர்களை நாம் குறைத்துக் கூறவில்லை. அவர்கள் குரல் அவ்வாறு அமைந்ததற்குக் கொட்டகையும் ஒரு காரணம் என்று மட்டுமே கூறுகிறோம்.

மேலை நாட்டில் 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு பெரிய குழலின் வாய்க்குள் கத்திப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்ததும் அத்தேவை ஒழிந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி என்பவர், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போன்ற தாழ்ந்த குரலில் பாடிப் புகழ் பெற்றார். அவருக்குப் பின் பிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல் ஆகியோர் ஜாஸ் இசையின் தாளநயத்தையும் இத்தணிந்த பாட்டுமுறையையும் இணைத்து வளர்த்தனர். சினாட்ரா 1939-இல் ஹாரி ஜேம்ஸ் குழுவினருடன் பதிவு செய்த முதல் இசைத்தட்டுகளை இன்றும் அறிஞர் ஆராய்கின்றனர். பிற்காலப் பெருமைக்கெல்லாம் விதை அவற்றில் கிடக்கிறது என்பது அவர்கள் கருத்து.

அங்கும் இக்குரலுக்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. 1932-இல் போஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓ'கானல் இவ்வகைப் பாடகர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஆண்மகன் இவ்வாறு குழைந்து பாடுவது இழிவு என்பது அவர் போன்றோர் எண்ணம். நம் முதியவர் கூறியதும் ஏறக்குறைய அதுவே. எனவே அவர் தனித்து நிற்கவில்லை. அவருக்கு உலகத் துணை உண்டு!

1951: ‘சம்சாரம்'

ஏ. எம். ராஜா 1929-இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர். திரையில் அவர் குரலை முதலில் மக்கள் கேட்டது ஜெமினி நிறுவனத்தின் ‘சம்சாரம்' (1951) வழியாக. இசையமைத்தவர் வீணை வித்தகர் ஈமனி சங்கர சாஸ்திரி. வீணைக்காரர் ஒருவர் இக்குரலை ஏற்றது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வீணையின் ஒலியும் அண்மையில் இருந்து கேட்க வேண்டிய ஒலிதானே என்று எண்ணத் தோன்றுகிறது.

படத்தின் பெயரையே தொடக்கமாகக் கொண்ட அப்பாடலை இன்று கேட்பவர், பிற்கால ராஜாவை முழுமையாக அதில் காண இயலாது. குரல் இளமையாக இருக்கிறது. சற்று அச்சமும் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு எடை தருகிறார். எங்கே மூச்சு விடுவது, எங்கே சொல்லை நிறுத்துவது என்பதில் தேர்ச்சி இன்னும் வரவில்லை. அந்நாளில் நாடெங்கும் புகழ்பெறத் தொடங்கியிருந்த தலத் மஹ்மூதின் சாயல் சிறிது படிந்திருப்பதாகவும் நம் செவிக்குத் தோன்றுகிறது. இவற்றை மறைத்துப் பாராட்டுவது திறனாய்வு ஆகாது.

ஆனால் ஒன்று அப்போதே இருக்கிறது. துயரத்தைச் சொல்லும்போது அவர் அழவில்லை. குடும்ப வாழ்வின் தொல்லைகளை எடுத்துரைக்கும் பாடல் அது. வேறொருவர் பாடியிருந்தால் விம்மலும் பெருமூச்சும் சேர்த்திருப்பார். ராஜா செய்தியைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறார். துயரைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறார். இருபத்திரண்டு வயது நிரம்பாத இளைஞருக்கு இவ்வடக்கம் எவ்வாறு வந்தது என்பது வியப்பே.

அக்காலப் பதிவுமுறையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று போல் பல்லவியைத் தனியே, சரணத்தைத் தனியே பதிந்து பிறகு ஒட்டும் வசதி இல்லை. பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் நின்று தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமிக்கப் பாடி முடிக்க வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகவே இடம் உண்டு. இக்கட்டுப்பாட்டுக்குள் நிதானம் இழவாமல் பாடுவது எளிதன்று.

1955: நிலவிடம் ஒரு முறையீடு

நான்கு ஆண்டுகளில் எவ்வளவு வளர்ச்சி! 1955-இல் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா' படப் பாடல்களைக் கேட்டால் அது விளங்கும். எல். வி. பிரசாத் இயக்கம், சாலூரி ராஜேசுவர ராவ் இசை, தஞ்சை ராமையாதாஸ் பாடல்கள். இதே ஆண்டில் ‘மிஸ்ஸம்மா' என்ற பெயரில் தெலுங்கிலும் இப்படம் வந்தது. தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என். டி. ராமாராவ், இருவருக்கும் பின்னணி ராஜாவே. ஆகவே ஒரே குரல், ஒரே இசை, இரண்டு மொழி என்ற அரிய ஒப்பீட்டு வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது.

‘வாராயோ வெண்ணிலாவே' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். உடன் பாடியவர் பி. லீலா. அவர் பாலக்காட்டைச் சார்ந்த சிற்றூரில் பிறந்தவர். ஆந்திரச் சித்தூர் மாவட்டத்தார் ஒருவரும் கேரளச் சிற்றூரார் ஒருவரும் கூடித் தமிழ்நாட்டுக்குத் தந்த பாடல் இது! மொழி எல்லைகளைப் பற்றிச் சண்டையிடுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

காட்சி இது: பிழைப்புக்காகக் கணவன் மனைவி என்று பொய் கூறி ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்த இருவர், ஒருவர்மேல் ஒருவர் குறை கூறி நிலவிடம் முறையிடுகின்றனர். மேற்போக்காகப் பார்த்தால் முறையீடு நிலவுக்கு. உண்மையில் அது பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும். எனினும் அவரை நோக்கிச் சொன்னதாகவும் ஆகிவிடக் கூடாது. எனவே இங்கே குரலின் அளவுதான் நாடகம். உரக்கப் பாடினால் சண்டையாகிவிடும். மிகத் தாழ்த்தினால் தனிமொழியாகிவிடும். ராஜா இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். குறும்பு உண்டு, கோபம் இல்லை. சலிப்பு உண்டு, வெறுப்பு இல்லை. இல்லறத்தாருக்கு மட்டுமே நன்கு விளங்கக்கூடிய ஒரு தொனி அது. மேடைக்குரல் எவ்வளவு வளமானதாயினும் இதனைச் செய்ய இயலாது.

இரு மொழிப் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் மற்றொன்றும் புலனாகும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. இழுத்துப் பாட வசதியானவை. தமிழிலோ மெய்யீறுகள் மிகுதி. தெலுங்குக்கேற்ற மெட்டில் தமிழை அமர்த்தும்போது பாடலாசிரியர் ஏகாரத்தை அடிக்கடி துணைக்கு அழைக்க நேர்கிறது. ராமையாதாஸும் அவ்வாறு செய்திருக்கிறார். சில இடங்களில் அது இட்டு நிரப்பியதாகவே தோன்றுகிறது. ஆனால் மெய்யெழுத்தில் முடியும் சொல் வரும்போது ராஜா செய்வதைக் கவனிக்க வேண்டும். ‘ன்', ‘ம்' போன்ற மெல்லின ஈறுகளை அவர் வெட்டி விடுவதில்லை. வாயை மூடிய பின்னும் அவ்வொலி மூக்கின் வழியே சிறிது நேரம் நின்று ஓய்கிறது. கொட்டகையில் பாடியிருந்தால் மூன்றாம் வரிசைக்குக்கூட அது கேட்டிருக்காது. ஒலிவாங்கிக்கு முன் நின்றதால் நமக்குக் கேட்கிறது. தமிழின் மெல்லினத்துக்கு ஒலிவாங்கி செய்த உதவி இது என்றே கூறத் துணிகிறோம்.

தாய்மொழி தெலுங்காக உடைய ஒருவர் தமிழின் இந்நுட்பத்தை எவ்வாறு கண்டார்? பிறவியில் கிடைக்காததைக் கேட்டுக் கேட்டுக் கற்றார் என்பதே விடையாக இருக்க முடியும். கற்ற மொழியைப் பேசுபவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து வைப்பார். பிறந்த மொழியைப் பேசும் நாமோ பலவற்றை விழுங்கி விடுகிறோம்.

இரு இணைகள்

அதே 1955-இல் வந்த ‘குலேபகாவலி'யில் அவர் ஜிக்கியுடன் பாடிய மாலைப்பொழுதுப் பாடல் மற்றொரு சான்று. ஜிக்கி அவர்தம் இல்லறத் துணைவியும் ஆவார். இப்பாடலில் இருவரும் தம் குரலை மற்றவர் குரலுக்கு மேலே உயர்த்த முயல்வதில்லை. ஒருவர் விட்ட இடத்தின் அளவை மற்றவர் அறிந்து தொடங்குகிறார். இணைப்பாடல் என்பது போட்டி அன்று என்பதற்கு இதனைவிட நல்ல பாடம் இல்லை.

1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் பி. பானுமதியுடன் பாடிய காதற்பாடல் வேறு வகை. பானுமதியின் குரல் நிறைந்த குரல். வளைவும் குழைவும் தன்னம்பிக்கையும் கொண்டது. அதனருகே ராஜா நேர்கோடு போல் செல்கிறார். கொடி படர்வதற்குக் கொம்பு வேண்டும் அல்லவா? அப்பணியை அவர் குரல் செய்கிறது. ஆயினும் ஒரு குறையையும் கூற வேண்டும். திரையில் எம். ஜி. ஆரின் விறுவிறுப்பான தோற்றத்தைப் பார்த்துக்கொண்டே இப்பாடலைக் கேட்டால், உருவமும் குரலும் சற்று விலகி நிற்பதை உணரலாம். கண்ணை மூடிக் கேட்டால் அவ்விலகல் மறைந்துவிடுகிறது. ராஜாவின் குரல் வீரனுக்குரியதன்று. 1954-இல் ‘தூக்குத் தூக்கி', ‘மலைக்கள்ளன்' ஆகிய படங்களில் டி. எம். சௌந்தரராஜன் எழுப்பிய கம்பீரத்தைத் தமிழகம் வீரக் கதைத்தலைவர்களுக்கு உரிய குரலாக ஏற்றுக்கொண்டது இயல்பே. அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

குறைகளும் பின்னை நாளும்

ராஜாவின் வேறு குறைகளும் உண்டு. பத்துப் பாடல்களைத் தொடர்ந்து கேட்டால் ஒரே வண்ணம் தொடர்வது போன்ற சலிப்புத் தோன்றலாம். மேல்தாயியில் குரல் மெலிகிறது. நாட்டுப்புற மெட்டுகளின் துள்ளலும் கேலிப்பாட்டின் கொச்சையும் அவருக்கு ஏற்றவை அல்ல. கிட்டப்பாவிடம் இருந்த கற்பனை வெள்ளத்தை அவரிடம் தேடுவோர் ஏமாறுவர்.

தம் எல்லையை அவர் அறிந்திருந்தார் என்பதற்குப் பின்னாளில் அவர் இசையமைத்த படங்களே சான்று. ‘கல்யாண பரிசு' (1959), ‘விடிவெள்ளி' (1960), ‘தேன் நிலவு' (1961), ‘ஆடிப்பெருக்கு' (1962) ஆகியவற்றில் மெட்டுகளையே தணிந்த குரலுக்கேற்ப அமைத்துக்கொண்டார். ‘கல்யாண பரிசு' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய தீபாவளிப் பாடலை மகிழ்ச்சி வடிவில் பி. சுசீலா பாட, அதே மெட்டின் துயர வடிவை ராஜா பாடுகிறார். பலரும் போற்றும் அத்துயர வடிவத்தில் உள்ள அடக்கம் புதிதன்று. 1951-இல் ‘சம்சாரம்' பாடிய இளைஞரிடமே அது இருந்ததை மேலே கண்டோம். பிற்காலப் படைப்பை மட்டும் கேட்போர் விளைச்சலைக் காண்கின்றனர்; தொடக்ககால இசைத்தட்டுகளைக் கேட்போர் விதையையும் காண்பர்.

தமிழ்த்திரையில் வாய்ப்புகள் அருகிய பின்னும் மலையாள நாடு அவரை மறக்கவில்லை. ‘பார்யா' (1962) முதல் ‘அடிமகள்' (1969) வரை தேவராஜன் இசையில் அவர் பாடிய பாடல்களை இங்குள்ள முதியோர் இன்றும் முணுமுணுப்பதைக் கேட்கலாம். அவர்களிடம் ராஜா தெலுங்கரா, தமிழரா என்று கேட்டால், "நம்முடைய ராஜா" என்பர். 1989 ஏப்ரலில் நெல்லை மாவட்டத்து வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிர் நீத்தார். நம்முள் பலர் ஊருக்குச் செல்லும் வழியில் கடக்கும் நிலையம் அது. அங்கே வண்டி நிற்கும் சில நிமிடங்களில் அவரை நினைக்காமல் இருக்க நம்மால் இயலுவதில்லை.

நமக்கு இதனால் என்ன?

இனி முதியவரின் வினாவுக்கு வருவோம். தமிழ் என்றால் மேடை அதிர வேண்டும் என்றார். அயலூரில் வாழும் நமக்கு மேடைத்தமிழ் வேண்டும்; ஐயமில்லை. ஆண்டுவிழாவில் நம் பிள்ளைகள் பாரதியையும் பாரதிதாசனையும் உரத்த குரலில் ஒப்பிக்கும்போது நம் நெஞ்சும் விம்மத்தான் செய்கிறது. ஆனால் அவ்விழா ஆண்டுக்கு ஒரு நாள். மறுநாள் காலையில் அதே பிள்ளை தண்ணீர் கேட்பதும், தங்கையோடு சண்டையிடுவதும், இரவில் கனவு கண்டு அம்மாவை அழைப்பதும் எம்மொழியில்? பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், தெருவில் மலையாளம். அவற்றைக் கற்பது நன்றே. வாழும் நாட்டின் மொழியை மதிப்பது நம் கடமை. எனினும் வீட்டுக்குள் தணிந்த குரலில் பேச வேண்டிய தமிழ், அதாவது கெஞ்சலும் கொஞ்சலும் ஊடலும் ஆறுதலும் ஆகிய தமிழ், நம்மையறியாமலே கைநழுவிப் போகிறது. உரத்த தமிழைக் காக்கச் சங்கம் இருக்கிறது. மெல்லிய தமிழைக் காக்க யார் இருக்கிறார்கள்?

ராஜாவின் இசைத்தட்டுகள் அப்பணியைச் செய்கின்றன என்பதே நம் துணிபு. அவை நமக்குக் கற்பிப்பது வீரத்தை அன்று. ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் தமிழில் எவ்வாறு பேசலாம் என்பதையே கற்பிக்கின்றன. அவர் தமிழைப் பிறப்பினால் பெறவில்லை, செவியினால் பெற்றார். எனவே வேற்றுமொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, "எனக்குத் தமிழ் சரியாக வராது" என்று கூசி ஒதுங்கும் பிள்ளைகளுக்கு, அவரைவிடச் சிறந்த ஆசிரியர் அமைவது அரிது.

அன்று மாலை கூட்டம் கலைந்த பின் நடந்த ஒன்றையும் கூறி முடிப்போம். மேடை ஏற மறுத்து ஒதுங்கியிருந்த சிறுமி ஒருத்தி, பாய்களைச் சுருட்டிக்கொண்டே நிலவுப் பாட்டின் மெட்டை முணுமுணுத்தாள். இடையில் நின்று, ஒரு சொல்லின் பொருளைத் தன் தாயிடம் மெல்லக் கேட்டாள். தாய் விளக்கினார். இருவரும் பேசியது நம்மைத் தவிர யாருக்கும் கேட்டிராது. முகம் சுளித்த முதியவர் அப்போது வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதியிருக்கிறோம். அடுத்த முறை அவர் இசைந்தால், ஒலியைக் குறைத்து வைத்து, அருகில் அமர்ந்து, இப்பாடல்களை அவருடன் கேட்க விரும்புகிறோம்.